‘எனக்கெல்லாம் வராது கண்ணு!’ பெரியவர்கள் கைக்கு டச் போன் வரும் கதை

‘எனக்கு 66 வயது. இரண்டு மாடு, ஒரு ஏக்கர் தென்னை இருக்கிறது. பொங்கலுக்கு வந்த மகன் டச் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் வைத்திருந்த பட்டன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது யாராவது கூப்பிட்டால் எடுக்கக்கூடத் தெரியவில்லை. மாட்டு டாக்டரைக் கூப்பிட பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறேன். பட்டன் போனையே திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமா, இல்லை இதைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா?’

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி, நம் கேள்வி-பதில் பகுதிக்குத் தபால் கார்டில் கேட்டிருந்த கேள்வி இது. பயிரும் இல்லை, பூச்சியும் இல்லை என்று ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நமக்கு வரும் மற்ற கேள்விகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கு 65, 70 வயது இருக்கும். கீழே தொடர்பு எண் என்று மகன் நம்பரோ, பேரன் நம்பரோ இருக்கும். கூடுதல் விவரம் கேட்க நாம் கூப்பிட்டால், ‘‘தாத்தா காட்டுல இருக்காருங்க, நான் காலேஜ்ல இருக்கேன். சாயங்காலம் கேட்டுச் சொல்றேன்’’ என்பார் பேரன். இலை கருகும் தோட்டம் ஓர் ஊரில், அதைப் படம் பிடிக்க வேண்டிய போன் இன்னோர் ஊரில்!

ஓ.டி.பி. யார் போனுக்குப் போனது?

என் பெரியப்பா கதையையே சொல்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 3 ஏக்கர். மஞ்சள், நெல், கொஞ்சம் வாழை. வயது 72. பி.எம்.கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக அவருக்கும் வந்துகொண்டிருந்தது. திடீரென்று இரண்டு தவணை வரவில்லை. ‘‘நிறுத்திப்போட்டாங்களாட்ட இருக்குது’’ என்று அவரும் விட்டுவிட்டார்.

விசாரித்தால், நிறுத்தவில்லை. இ-கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் நின்றிருந்தது. அதற்கு ஆதாரோடு இணைத்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. வர வேண்டும். அந்த நம்பர் யாருடையது? ஆதார் எடுத்த காலத்தில் அந்த வீட்டில் கையில் போன் வைத்திருந்தவர் மருமகன் ஒருவர்தான். அவருடைய நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அவர் அந்த நம்பரை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. விவசாயி பெயரில் வந்த ஓ.டி.பி., முகம் தெரியாத யாரோ ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சரி, கைரேகை வைக்கலாம் என்று பொதுச் சேவை மையத்துக்குப் போனோம். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் ரேகை விழவில்லை. 50 வருஷம் மண்வெட்டி பிடித்த விரல், ரேகைக்கு எங்கே போகும்? கடைசியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதியில்தான் வேலை முடிந்தது. 2023 ஜூனில் பி.எம்.கிசான் செயலியில் வந்த வசதி இது. ஓ.டி.பி.யும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். தன்னுடையதை முடித்துவிட்ட ஒரு விவசாயி, தன் போனிலிருந்தே ஊரில் மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் ஒருவர் செய்து கொடுத்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, ‘‘ஏனுங் பெரியப்பா, இனி ஆதார்ல உங்க நம்பரையே போட்டுடலாமுங்க. நல்லதா ஒரு போன் வாங்கிக்கோங்க’’ என்றேன்.

‘‘எனக்கெல்லாம் வராது கண்ணு. அது படிச்ச புள்ளைங்க சமாச்சாரம்’’ என்றார்.

மோட்டாருக்கு போன் போட்டவர்!

இதை யார் சொல்கிறார் என்று கவனியுங்கள். இந்தப் பெரியப்பா கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிப் பல வருஷம் ஆகிறது. ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் ஸ்டார்ட்டரிலிருந்து அவருக்குப் போன் வரும். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே மோட்டாருக்குத் திரும்பப் போன் போட்டு, ஓட விட ஒரு நம்பர், நிறுத்த ஒரு நம்பர் என்று அமுக்குவார். ஒரு பேஸ் போய்விட்டால் அதில் என்ன குரல் வரும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் என்ன குரல் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் மாட்ட வந்த பையன் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான். மார்கழிக் குளிரில், பாம்பு நடமாடும் வரப்பில், டார்ச் லைட்டோடு மோட்டார் ரூமுக்குப் போகும் வேலை அதனால் ஒழிந்தது. அந்தத் தேவை அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் வேறு இடத்தில் கண்டுபிடித்து எழுதினார். அலுவலகத்தில் புதிதாக வந்த கம்ப்யூட்டரைச் சிலர் ஏன் தொடுகிறார்கள், சிலர் ஏன் தொடுவதில்லை என்று பார்த்தார். ‘இதனால் எனக்கு என்ன உபயோகம்?’, ‘கையாளச் சுலபமா?’ என்ற இரண்டு கேள்விக்கு மனசுக்குள் கிடைக்கும் பதில்தான் முடிவு செய்கிறது என்றார். இரண்டில் உபயோகத்துக்கே எடை அதிகம் என்றும் சொன்னார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நாம் என்ன செய்கிறோம்? போனை வாங்கிக் கையில் கொடுத்து, ‘‘இதுல எல்லாமே இருக்குதுங்க’’ என்கிறோம். எல்லாம் இருக்கும் சந்தையில் பையோடு நின்றால் எதை வாங்குவது என்று தெரியாது. தனக்கு வேண்டியது ஒன்று இருந்தால் மட்டும் கால் அந்தக் கடைக்கு நேராகப் போகும்.

பெரியம்மாவுக்கு அந்த ஒன்று, பெங்களூரில் இருக்கும் பேத்தியின் முகம். பெரியப்பாவுக்கு ஈரோட்டு மஞ்சள் விலை. இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தியிருந்தால் இருவருமே தூங்கியிருப்பார்கள்.

விரல் ஒத்துழைக்காத சங்கடம்

ஆசை வந்தாலும் அடுத்த தடங்கல் கையிலேயே இருக்கிறது. பெரியவர்கள் போனைத் தொட்டால் சில சமயம் வேலை செய்யாது. அவர்கள் அதற்கும், ‘‘எனக்குத்தான் தெரியலை’’ என்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. இந்தக் கண்ணாடித் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. நம் தோலின் வழியாக மின்சாரத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தைத்தான் உணர்கிறது. காய்ப்புக் காய்ச்சி, வறண்டு, வெடித்த விரலில் அது சரியாக நடப்பதில்லை. ஈரத் துணியில் விரலை லேசாகத் துடைத்துக்கொண்டாலோ, விரல் நுனிக்குப் பதில் பக்கவாட்டுச் சதையால் தொட்டாலோ பலருக்குச் சரியாகிவிடும். சில போன்களில் தொடு உணர்வைக் கூட்டும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. பட்டன் போனில் அமுக்கி அமுக்கிப் பழகியவர்கள், டச் போனையும் அப்படியே அழுத்திப் பிடிப்பார்கள். விரலை எடுக்காமல் வைத்திருந்தால், ‘வேறு ஏதோ கேட்கிறார்’ என்று போன் நினைத்துக்கொள்ளும். படம் இடம் மாறும், புதுசாக ஒரு பெட்டி திறக்கும், வைத்த இடத்தில் வாட்ஸ்அப்பைக் காணோம். ‘ஐயோ, கெடுத்துப்போட்டேன்’ என்று பயந்து அதோடு போனை மூடி வைத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘ஆக்சசபிலிட்டி’ என்ற பகுதி இருக்கிறது. எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் அதை அழுத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை அங்கே கூட்டி வைக்கலாம். எங்கள் பெரியப்பாவுக்குப் பாதிப் பிரச்னை இதிலேயே தீர்ந்தது. எழுத்தைப் பெரிதாக்குவது, வெயிலில் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டுவது, 30 விநாடியில் அணையும் திரையை 2 நிமிடமாவது எரியும்படி மாற்றுவது... இவையும் அதே செட்டிங்ஸில்தான். வாங்கிக் கொடுத்த அன்றைக்கே 10 நிமிடம் உட்கார்ந்து பிள்ளைகள் செய்து கொடுத்துவிட வேண்டிய வேலை.

கார்டு போட்ட அம்மாவின் ‘எடுக்கத் தெரியவில்லை’க்கும் காரணம் உண்டு. திரை அணைந்திருக்கும்போது அழைப்பு வந்தால், பெரும்பாலான போன்களில் பச்சைக் குறியைத் தொட்டால் மட்டும் போதாது, விரலை வைத்து இழுக்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால், தொட்டாலே போதும். ஒரே வேலைக்கு இரண்டு முறை. இது யாரைத்தான் குழப்பாது? சில கம்பெனி போன்களில், ஓசையைக் கூட்டும் பக்கவாட்டுப் பட்டனை அமுக்கியே அழைப்பை எடுக்கலாம். இதுவும் ஆக்சசபிலிட்டியில்தான் ஒளிந்திருக்கும். இழுப்பது வரவில்லை என்றால் மகனிடமோ, செல்போன் கடையிலோ இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிடுங்காதீங்க!

இனிச் சொல்வது இளசுகளுக்கு. தாத்தா ஏதாவது கேட்டால் நாம் செய்வது என்ன? ‘‘கொடுங்க இப்புடி’’ என்று போனை வாங்கி, மூன்று விநாடியில் கட்டை விரலால் நாலு தட்டு தட்டி, ‘‘அவ்ளோதாங்க, பாத்துட்டீங்கல்ல?’’ என்று திருப்பிக் கொடுக்கிறோம். அவர் பார்த்தது நம் கட்டை விரலை மட்டும்தான். மறுநாள் அதையே கேட்டால், ‘‘எத்தனை தடவைங்க சொல்றது?’’ என்கிறோம். அதற்குப் பிறகு அவர் கேட்பதே இல்லை. நாமும், ‘அவருக்கு இதுல ஆர்வமில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏர் பிடிக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர் மேழியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டிக் காட்டவில்லை. நம் கையை மேழியில் வைத்து, மேலே தன் கையை வைத்தார்.

எங்கள் வீட்டில் இதைச் சரி செய்தது ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். கோடை லீவுக்கு வந்த அவள், ‘‘போன் அப்பத்தா கையிலதான் இருக்கோணும், நான் வாயாலதான் சொல்லுவேன்’’ என்று ஒரு விதி போட்டாள். பெரியம்மாவுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு வேலைதான். முதல் வாரம் அழைப்பை எடுப்பது மட்டும். அவளே பக்கத்து அறையிலிருந்து நாளுக்குப் பத்து தடவை கூப்பிடுவாள். இரண்டாவது வாரம் வீடியோ கால். பெரியம்மா ஐந்தாவது வரை படித்தவர். பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறிகளை வரைந்துவைத்துக்கொண்டார். பச்சை உருண்டைக்குள் ரிசீவர், பக்கத்தில் ‘வாட்ஸாப்’. கேமரா மாதிரி ஒன்று, பக்கத்தில் ‘பாப்பா முகம்’. பின்னால் திரும்பும் அம்பு, பக்கத்தில் ‘தப்பாப் போனா இத அமுக்கு’. அந்தக் கடைசி வரிதான் அவருக்குத் துணிச்சல் கொடுத்தது என்பேன். எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் திரும்பி வர ஒரு வழி உண்டு என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

எழுத வேண்டாம், பேசுங்க!

பெரியவர்களை அதிகம் மிரட்டுவது எழுத்துப் பலகை. சின்னச் சின்னக் கட்டங்கள், அதிலும் பெரும்பாலும் ஆங்கிலம். அதைத் தொடவே வேண்டியதில்லை. மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் கூகுளும் யூடியூப்பும் புரிந்துகொள்கின்றன. கொங்குத் தமிழை முழுசாகப் புரிந்துகொள்ளாது, கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் மைக்கைத் தொட்டபடியே பேசி, விரலை எடுத்தால் குரல் போய்ச் சேர்ந்துவிடும். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர்களுக்கும் இது பெரிய கதவு.

நம் கேள்வி-பதில் பகுதிக்கே இப்படிக் குரலில் கேட்கலாம். படம் எடுக்கும்போது மட்டும் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே ஓர் இலையைக் கண்ணுக்குள் இடிக்கும்படி எடுத்தால் நிபுணர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முழுச் செடி ஒன்று, இலையின் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என்று மூன்று படம் வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் எடுத்தால் இலை வெளுத்துவிடும், காலையில் எடுங்கள். பயிரின் வயது, கடைசியாக என்ன உரம் போட்டீர்கள், என்ன தெளித்தீர்கள் என்பதைக் குரலில் சொல்லிவிடுங்கள்.

விலைக்கு, தமிழக அரசின் ‘உழவன்’ செயலி தமிழிலேயே இருக்கிறது. 2018-ல் வந்தது. விற்பனைக்கூட விலை, வானிலை, மானியப் பதிவு, வாடகை இயந்திரம் எல்லாம் அதில் உண்டு. பெரியப்பா தொட்டுப் பார்ப்பது விலையை மட்டும்தான். போன மாசியில் மஞ்சள் கேட்டு வீட்டுக்கு வந்த வியாபாரி, ‘‘ஈரோட்டுல இறங்கிப்போச்சுங்க’’ என்று ஆரம்பித்திருக்கிறார். பெரியப்பா பேசாமல் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனைத் திறந்திருக்கிறார். குவிண்டாலுக்கு 200 ரூபாய் கூடக் கிடைத்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால், அன்றைக்குச் சாயங்காலமே எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

யூடியூப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல விவசாயிகளின் அனுபவங்கள் அதில் கொட்டிக் கிடக்கின்றன. கூடவே, ‘இதைத் தெளித்தால் மூன்றே நாளில் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அச்சில் வந்தால் உண்மை என்று நம்பி வளர்ந்த தலைமுறை, படத்தில் பேசுவதையும் அப்படியே நம்பிவிடுகிறது. தெளிக்கும் முன் கிசான் கால் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. 1800-180-1551, கட்டணம் கிடையாது, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். 2004-லிருந்து நடக்கும் சேவை. இதற்கு டச் போன்கூடத் தேவையில்லை.

நான்கு நாள் மறைத்த விஷயம்

பெரியவர்கள் போனுக்குப் பயப்படுவதில் ஒரு பயம் மட்டும் முழுக்க நியாயமானது. பணம் போய்விடும் என்ற பயம்.

பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர், எழுபதை நெருங்குபவர். சொந்தக்காரர் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. பி.எம்.கிசான் என்று பெயர், கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து. தவணைப் பணம் சம்பந்தமாக இருக்கும் என்று தொட்டார், கேட்டதற்கெல்லாம் ‘சரி’ கொடுத்தார். அது ஒரு திருட்டுச் செயலி. போனுக்கு வரும் மெசேஜையெல்லாம் அது எங்கோ இருப்பவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போய்விட்டது. பருத்தி விற்ற பணம். அனுப்பிய சொந்தக்காரருக்கே விஷயம் தெரியாது. அவர் போனும் அதே மாதிரி மாட்டியிருந்தது.

பணம் போனதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறு. அவர் அதை நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ‘‘பையன் திட்டுவான், போனைப் புடுங்கிக்குவான்’’ என்று பயந்திருக்கிறார். மோசடி நடந்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. சீக்கிரம் சொன்னால், திருடன் எடுப்பதற்கு முன் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க முடியும். நான்கு நாளில் அந்தப் பணம் எத்தனை கை மாறியிருக்கும்! வங்கி விதியும் நேரத்தைத்தான் பார்க்கிறது. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட உத்தரவுப்படி, வாடிக்கையாளர் மீது தவறு இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் சொல்லிவிட்டால் முழுத் தொகையும் வங்கியின் பொறுப்பு. ஓ.டி.பி.யைச் சொன்னது மாதிரி நம் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு நாம் பொறுப்பில்லை. ஆக, வீட்டில் திட்டு விழும் என்ற பயம் அந்தப் பெரியவரின் கடைசி வாய்ப்பையும் தின்றுவிட்டது. பிள்ளைகள் இப்போதே, நல்லபடியாக இருக்கும்போதே சொல்லிவையுங்கள்: ‘‘எவ்வளவு போனாலும் பரவால்லீங்க, உடனே சொல்லிடுங்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்.’’

செயலியை போனிலேயே இருக்கும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைல், யார் நம்பரிலிருந்து வந்தாலும் தொடக் கூடாது. நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை. கேட்டால் அது எடுப்பதற்குத்தான். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டினால் துணிந்து போனை வையுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. விளைச்சல் பணம், நகைக்கடன் பணம் வரும் கணக்கை போனில் இணைக்காமல், சில்லறைச் செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கை மட்டும் இணைப்பது என் யோசனை.

கீரை விற்பது இவர், பணம் போவது எங்கே?

உழவர் சந்தையில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். விடியற்காலம் 3 மணிக்கு எழுந்து, தானே பறித்துக் கட்டி, முதல் பஸ்ஸில் வருகிறார். தராசுக்குப் பக்கத்தில் கியூ.ஆர். அட்டை. ஒருநாள் பணம் அனுப்பும்போது திரையில் ஓர் ஆண் பெயர் வந்தது. கேட்டேன்.

‘‘எம் பையனுதுங்க சாமி. எனக்கென்ன தெரியும்? காசா வர்றது எங்கிட்ட, போன்ல போறது அவங்கிட்ட.’’

‘‘எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லுவாருங்களா?’’

‘‘கேட்டாச் சொல்லுவான். கேக்கறதில்லைங்க.’’

முன்பெல்லாம் நாள் முழுக்க விற்றது முழுவதும் அவர் சுருக்குப் பையில் இருந்தது. பேத்திக்கு ஏதாவது வாங்க, மருந்து வாங்க, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது ரொக்கம் குறையக் குறைய, அவர் உழைப்பில் பாதிக்கு மேல் அவர் கண்ணில் படாமலேயே வேறு கணக்குக்குப் போய்விடுகிறது. மகன் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் 70 வயதில் தன் காசுக்கு மகனிடம் கை நீட்டுவது என்பது வேறு விஷயம். சிலர் அவசரமாக வந்து, பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அது நிஜமா, பொய்யா என்றும் அவருக்குத் தெரிய வழியில்லை.

100 நாள் வேலைக்காக அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. தேவைப்பட்டதெல்லாம் அவர் பெயரில் ஒரு சிம், அதை வங்கியிலும் ஆதாரிலும் சேர்ப்பது, அந்தக் கணக்குக்கு ஒரு கியூ.ஆர். அட்டை. ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம். பல ஊர்களில் தபால்காரர் மூலமாகவும் செய்துகொள்ளலாம். வந்த தொகையைத் தமிழில் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் கிடைக்கிறது. அதற்கு மாத வாடகை பிடிப்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகனிடம் இதைப் பேசலாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது, ‘‘வேண்டாஞ் சாமி, தப்பா நெனச்சுக்குவான்’’ என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? உங்கள் வீட்டில் இப்படி ஓர் அட்டை தொங்கினால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கார்டு போட்ட அம்மாவுக்கு...

பட்டன் போனை உடனே திரும்ப வாங்குங்கள், அம்மா. மாடு கன்று போடத் திணறும் ராத்திரியில் படம் தேடிக்கொண்டிருக்க முடியாது. பழைய நம்பர் அதிலேயே இருக்கட்டும். டச் போனுக்கு வேறு ஒரு சிம் போட்டுக்கொண்டு, மூன்று மாதம் இரண்டையும் வைத்துப் பழகுங்கள். மாட்டு டாக்டர் நம்பரை டச் போனில் முதல் திரையிலேயே அவர் படத்தோடு வைத்துத் தரச் சொல்லுங்கள், தொட்டால் அழைப்பு போகும்படி செய்ய முடியும். மூன்று மாதம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் பட்டன் போனே போதும். அதிலிருந்தே பணம் அனுப்பும் யு.பி.ஐ. 123 பே வசதியும் 2022-லிருந்து இருக்கிறது. யாரும் உங்களைப் பின்தங்கியவர் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் பெரியப்பா இப்போது தினமும் காலையில் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புகிறார். முதல் அரை நிமிடம் ‘‘கேக்குதா, கேக்குதா’’ என்பார். பின்னால் கோழி கத்தும், பெரியம்மா ஏதோ சொல்வார். பிறகு, வாய்க்காலில் தண்ணீர் எந்த மடை வரை வந்திருக்கிறது என்ற தகவல். ஆதாரில் அவர் நம்பரே ஏறிவிட்டது. போனில் பணம் அனுப்புவதை மட்டும் இன்னும் தொடவில்லை. ‘‘அது மட்டும் பேங்குக்குப் போயி, எங் கையெழுத்தப் போட்டுத்தான் எடுப்பேன்’’ என்கிறார். நாங்களும் வற்புறுத்தவில்லை.